வாரப்ப என்ன லோடு?

போன வாரம் தேன்மொழி வீட்டுக்கு வந்தது, கையில் ஒரு பை ஆப்பிளோடு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கும் நம் ஊரில் ஒரே மரியாதைதான். நான் வேலை பார்த்த டிரெய்லர் பட்டறையின் முதலாளி மகள் அது. இப்போது பட்டறையை அதுதான் நடத்துகிறது, அப்பனைவிட நன்றாகவே நடத்துகிறது.

"ராசு மாமா, எந்த லோடுக்கு எந்தத் தளம் போடணும்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க. செவுத்துல ஒட்டணும். வாரவுக எல்லாம் போன்ல ஒரு படத்தக் காட்டி, இதே மாதிரி போடுங்கன்னு நிக்கிறாக."

"ஒரு பக்கத்துல அடங்காதேம்மா."

"அடங்குற அம்புட்டு எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். காய்கறிக்கு மரப்பலகை, மணலுக்குக் கனத்த தகடு, மாடு ஏற்றினால் எக்காரணம் கொண்டும் வழவழப்புத் தகடு கூடாது என்று மூன்று வரி போனது. நாலாவது வரியில் லூர்து அண்ணன் நினைவில் வந்து குறுக்கே நின்றுகொண்டார். அவரைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. பக்கம் நீண்டதற்குத் தேன்மொழி கோபித்துக்கொண்டால் ஆப்பிளைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும், இரண்டுதான் குறையும்.

டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பக்கப் பலகையில் பூவும் மயிலும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஏறித் தளத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அத்தனை பாரத்தையும் தாங்குவது அதுதான். வெயிலில் காய்வது, மழையில் ஊறுவது, மண்வெட்டியால் சுரண்டப்படுவது எல்லாம் அதுதான். ஆனால் வண்டி வாங்க வருகிறவர் கலரைத்தான் முதலில் கேட்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரிதான், அடுப்படியில் நிற்கப்போகிற கையை யாரும் பார்ப்பதில்லை.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் எங்கள் பட்டறை. நான் தச்சு வேலைக்காரனாக உள்ளே போனேன். முதல் சில வருடங்கள் இழைப்பதும் துளை போடுவதும் திட்டு வாங்குவதுமாகப் போயின. பிறகு வெல்டிங் பழகினேன். கண் எரிந்து உருளைக்கிழங்குத் துண்டை இமைமேல் வைத்துக்கொண்டு படுத்த நாட்களைத் தவிர அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. லூர்து அண்ணனின் தளப் பிரிவுக்கு என்னை மாற்றிய பிறகுதான் வேலை என்பது எனக்குப் பிடித்துப்போனது.

லூர்து அண்ணன் எங்கள் மேஸ்திரி. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அதட்டிப் பேசவே மாட்டார். வந்தவர் எவ்வளவு சூடாக வந்தாலும், "செத்த உக்காருங்க, டீ வரட்டும்" என்பார். டீ வந்து குடித்து முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் எதற்கு என்பதே மறந்துபோகும். எனக்கோ மூக்கின் நுனியில் கோபம். "ஏலே ராசு, வெல்டிங் பொறி போதும், நீ வேற பொறியாத" என்று என்னைத் தோளில் தட்டி உள்ளே அனுப்பிவிடுவார்.

தளம் போட்டு முடித்ததும் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். மூலைக்கு மூலை நடப்பார். தூக்கலாக நிற்கும் ஒரு போல்ட் தலை, சரியாக இழைக்காத பலகையில் ஒரு மரச் சிலாம்பு, எதுவும் அந்தப் பாதத்துக்குத் தப்பாது. நடக்கும்போது தலை குனிந்தே இருக்கும். தெருவில் போகும்போதும் எதிரே வரும் ஆளைப் பார்க்க மாட்டார், நிற்கிற வண்டியின் தளத்தைத்தான் எட்டிப் பார்ப்பார். அவர் சம்சாரம் அந்தோணியம்மாள் என்னிடம் ஒருமுறை சொன்னது: "எங்க கல்யாணத்துக்கு மறுவீடு போனப்ப டிரெய்லர்லதான் போனோம். மனுசன் என்னயப் பாக்கவே இல்ல தம்பி, பலகையத்தான் பாத்துக்கிட்டு வந்தாரு."

ஏறி நடந்த பிறகு தண்ணீர்ச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டு டீக் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து பார்க்கும்போது எங்காவது தண்ணீர் தேங்கியிருந்தால் அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு. அந்த இடத்தை நிமிர்த்தும்வரை வண்டி வாசலைத் தாண்டாது. தேங்குகிற தண்ணீர்தான் தகட்டைத் தின்னும், ஓடுகிற தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பார். பலகையானால் முதலில் எண்ணெய் காட்ட வேண்டியது அறுத்த முனைகளுக்கு. மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். தகடானால் அடிப்பக்கம் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே சட்டத்தில் ஏற்ற வேண்டும். மேலே எத்தனை கோட்டு பெயிண்டு அடித்தாலும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலிருந்துதான் துரு கிளம்பும். மூலைகளில் வடிகால் துளை வேண்டும். வண்டியை நிறுத்தும்போது முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தேன்மொழியின் பக்கத்துக்கு ஆகும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் அவரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. அவற்றைக் கேட்காமல் எந்தத் தளத்துக்கும் அளவு எடுக்க மாட்டார்.

"போறப்ப என்ன லோடு?"

இதற்கு எல்லாரும் பதில் சொல்லிவிடுவார்கள். தக்காளி, வெங்காயம், தேங்காய், செங்கல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

"வாரப்ப என்ன லோடு?"

இங்கேதான் விழிப்பார்கள். திரும்பி வரும்போது என்ன ஏற்றுவோம் என்று யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் விளைந்ததைக் கொண்டுபோய் இறக்கிய வண்டி வெறுமனே வராது. யூரியா மூட்டை வரும், கோழி எரு வரும், கட்டட வேலையில் மிச்சமான சிமெண்டு வரும். தளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் திரும்பி வருகிற லோடுதான்.

ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாக்காரர் ஒருவர் வந்த கதை உண்டு. பலகைத் தளத்துக்கு நாங்கள் வழக்கமாகப் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவோம். செல்லரிக்காது, தண்ணீர் இறங்காது. அவர் போறப்ப செங்கல், வாரப்ப காலி என்று சொல்லி வாங்கிப் போனார். அடுத்த மாதம் ஒரு கூடைப் பழத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மேஸ்திரி, இதக் கடிச்சுப் பாருங்க. டீசல் வாசம் வருதுங்க."

"செங்கல்லுன்னுதான சொன்னீங்க?"

"போறப்ப செங்கல்லுதானுங்க. வாரப்ப நம்ம தோட்டத்துப் பழம் கொஞ்சம் வைக்கோலப் போட்டு..."

லூர்து அண்ணன் பழத்தைக் கடித்தார். முகம் கோணாமல் முழுப் பழத்தையும் தின்றார். பிறகு அந்தப் பலகைகளைக் கழற்றி இழைத்து, வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவிக் கொடுத்தோம். மிச்சக் கூடைப் பழத்தை நாங்கள்தான் தின்று தீர்த்தோம். டீசல் வாசத்துக்குக்கூட மனிதன் பழகிக்கொள்கிறான்.

இப்போது வெள்ளைச்சாமி கதைக்கு வருகிறேன். நாலாவது வரியில் லூர்து அண்ணனோடு சேர்ந்து வந்து என் கையை நிறுத்தியது இவர்தான்.

வெள்ளைச்சாமி ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். கத்தரியும் தக்காளியும் போடுகிற சம்சாரி. எங்களிடம் வாங்கிய டிரெய்லர். போறப்ப காய்கறிக் கூடை, வாரப்ப மாட்டெரு என்று இரண்டு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லித்தான் வாங்கினார். அதற்கு ஏற்ற தகடு, ஏற்ற பெயிண்டு போட்டுக் கொடுத்திருந்தோம். சில வருடம் கழித்து ஒரு காலையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி முத்துலட்சுமியும் வந்திருந்தது.

"தகடாய்யா இது? அப்பளம்!" வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "நடுவுல ஓட்டையாப் போச்சு. ஆளு காலு உள்ள போயிருச்சு. ஊருக்குள்ள தல காட்ட முடியல என்னால."

எனக்குச் சுருக்கென்றது. நான் வெல்டிங் வைத்த தளம் அது. "நல்ல தகடுதான் போட்டோம். நீங்க என்னத்த ஊத்துனீங்களோ" என்றேன். லூர்து அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் வெறுங்காலோடு டிரெய்லருக்குள் நின்றிருந்தார். எருத் தண்ணீர் அரித்தால் பின்கதவு ஓரத்திலும் மூலைகளிலும்தான் அரிக்கும், அங்கேதான் அது வடிந்து நிற்கும். இதில் மூலைகள் அப்படியே இருந்தன. நடுவில் மட்டும், சதுரமாக வெட்டி எடுத்த மாதிரி, தகடு இற்றுப் போயிருந்தது. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்து அந்தச் சதுரத்தைச் சுற்றி நின்று, ஓட்டை வழியே ஒழுகியது. கனமான ஏதோ ஒன்று அந்த இடத்தில் நின்று நின்று தகடு குழிந்திருக்கிறது.

"வெள்ளைச்சாமி, இந்த நடுவுல என்னத்த வைப்பீங்க?"

"ஒண்ணும் வைக்கிறதில்லண்ணே. கூடதான்."

லூர்து அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துருவைச் சுரண்டி நாக்கில் வைத்தார். முத்துலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "உப்பு" என்றார் தனக்குத்தானே. பிறகு குறுக்குச் சட்டமும் தகடும் சேரும் இடுக்கில் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். கருப்பாக இரண்டு மூன்று உருண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தன. மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். மிளகு.

"ஏன் அப்பு, மாட்டெருவுல மிளகு ஏது?" என்று வெள்ளைச்சாமியைக் கேட்டார்.

வெள்ளைச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முத்துலட்சுமிதான் கேட்டது: "ஏங்க, ஆத்தா வாரத நீங்க சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? என்ன லோடு ஏத்துவன்னு கேட்டாரு, சொன்னேன். சாமிய லோடுன்னு சொல்லலாமாடி?"

லூர்து அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார். எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அம்மனைச் சரக்குக் கணக்கில் சேர்க்க அவருக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

டீ வந்தது. விஷயமும் வந்தது. அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மன் ஊர்வலம் போவது வெள்ளைச்சாமி வீட்டு வண்டியில்தான். அவர் தாத்தா காலத்தில் மாட்டு வண்டி, அப்பா காலத்தில் டயர் வண்டி, இவர் காலத்தில் டிரெய்லர். நடுவில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் பீடம் வைத்து அம்மனை அமர்த்துவார்கள். வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர், பால், இளநீர். நேர்ந்துகொண்டவர்கள் உப்பும் மிளகும் அள்ளி வீசுவார்கள். அவ்வளவும் அந்த மணலில் இறங்கும். ஊர்வலம் முடிந்ததும் கழுவிவிடலாமே என்றால் கூடாது. எட்டாம் நாள் மறுபூசை முடியும்வரை அம்மன் அமர்ந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டார்கள். வண்டி அதுவரை கோயில் வாசலிலேயே நிற்கும். உப்பில் ஊறிய மணலைத் தகட்டின்மேல் போர்த்தி எட்டு நாள் வைத்திருந்தால் தகடு என்ன செய்யும், பாவம். பொங்கலுக்குப் பொங்கல் அந்தத் துருவின் மேலேயே செம்பெயிண்டு பூசி மறைத்திருக்கிறார்கள்.

போன திருவிழாவில் ஊர்வலம் பாதி வழியில் இருக்கும்போது பூசாரியின் கால் தளத்துக்குள் போய்விட்டது. கெண்டைக்காலில் ரத்தம். அம்மன் ஒரு பக்கம் சாய்ந்து, நாலு பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"ஆத்தாவுக்கு எங்க வீட்டு வண்டி பிடிக்கலன்னு பேசிட்டாக" என்றது முத்துலட்சுமி. "இந்த வருசம் வேற ஆளோட மினி லாரியில வச்சுப் போகலாம்னு ஊர்க்கூட்டத்துல பேச்சு. எங்க மாமனாரு படுக்கையில கெடக்காரு. வண்டி போகுதா, வண்டி போகுதான்னு தெனமும் கேக்காரு. என்னன்னு சொல்ல?"

அது அழவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றது. வெள்ளைச்சாமி வாசலில் போட்ட சத்தம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புதுத் தகடு மாற்றுவது ஒரு பெரிய வேலையில்லை. ஆனால் புதுத் தகட்டையும் உப்பு தின்னும். கழுவுங்கள் என்று சொல்ல நாம் யார்? லூர்து அண்ணன் வேதக்காரர் வேறு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அவர் சொன்னால் ஊரில் அது வேறு மாதிரி ஆகிவிடும். நான், "மேல ரப்பர் விரிச்சிரலாம்ணே" என்றேன். ரப்பருக்கு அடியில் உப்புத் தண்ணீர் போனால் இன்னும் மோசம் என்றார். இரண்டு நாள் அந்த டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போனார்.

பூசாரி அப்போதும் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். லூர்து அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"சாமி, ஆத்தா உக்காந்த எடத்தக் கழுவக்கூடாது. சரி. அந்த எடத்த அப்படியே தூக்கிக் கோயிலுக்குள்ள வச்சுக்கிரலாமா?"

பூசாரி கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "கழுவத்தான் கூடாது. தூக்கக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "வண்டிய விட்டுட்டு எடத்த மட்டும் எப்படித் தூக்குவீக?" என்று கேட்டார்.

"அது எங்க வேல."

பட்டறைக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்தோம். இற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட்டு, அடியில் கூடுதலாக ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தோம். தகட்டுக்கு மேலே நடுவில் உட்கார்கிற மாதிரி ஒரு பலகைத் தளம், நாலு பேர் சேர்ந்து தூக்கக் கைப்பிடியோடு. உப்பும் தண்ணீரும் கீழே இறங்காதபடி பலகைகளை ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் இறங்கும்படி இறுக்கிச் சேர்த்து, சுற்றிலும் மணல் சிந்தாமல் விளிம்பு கட்டினோம். ஆட்டம் கொடுக்காமல் தகட்டோடு கொக்கிகளால் பிணைப்பு. கொக்கியைக் கழற்றினால் பலகை, மணல், மஞ்சள், உப்பு எல்லாம் அம்மனின் இடமாக அப்படியே மேலெழும். கீழே வண்டி காலியாக நிற்கும்.

என்ன மரம் என்று நான் கேட்கவே இல்லை. மாரியம்மனுக்கு வேம்பைத் தவிர வேறு எதைப் போடுவது? முற்றிய வேம்பாகப் பார்த்து லூர்து அண்ணனே அறுவை மில்லில் நின்று அறுத்து வாங்கினார். பழைய ஆயில் டின்னைப் பட்டறையின் அந்தப் பக்கமே வரவிடவில்லை. வேப்பெண்ணெயைச் சூடுகாட்டி, முனைகளில் முதலில், பிறகு முகத்தில், ஊறக் காயவிட்டு மறுபடியும் என்று தடவினோம். அந்த வேலை முடியும்வரை அவர் பட்டறையில் அசைவம் சாப்பிடவில்லை. நான் கேட்டதற்கு, "வேப்பெண்ணெய்க் கையோட மீன் ருசிக்காதுலே" என்றார். நம்புகிறவன் நம்பலாம்.

திருவிழாவுக்கு முன்னால் டிரெய்லரை ஊருக்குக் கொண்டுபோனோம். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள். வெள்ளைச்சாமி வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். கடைசியில் பூசாரி லூர்து அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க வெறுங்கால்ல நடந்து பாத்துத்தான் வண்டிய விடுவீகளாமே. ஏறி நடங்க, பாப்போம்."

லூர்து அண்ணன் பின்வாங்கினார். "வேணாம் சாமி. இது ஆத்தாவுக்குன்னு செஞ்ச பலக. நான் வேதக்காரன்."

"ஏறுங்கப்பா. இன்னைக்கு இது மரம். நாளைக்குத்தான் ஆத்தா."

அவர் செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, தலையைக் குனிந்தபடி, எங்கள் பட்டறையில் நடப்பதைவிட மெதுவாக நடந்தார். நடுவில் நின்று ஒருமுறை குதித்தும் பார்த்தார். பலகை முனகக்கூட இல்லை. பூசாரி தன் காயம்பட்ட காலையே முதலில் எடுத்து வைத்து ஏறி அவர் பக்கத்தில் நின்றார்.

"வண்டி போகும்" என்றார். அவ்வளவுதான், மினி லாரிப் பேச்சு அதோடு முடிந்தது. முத்துலட்சுமி வீட்டை நோக்கி ஓடியதை நான் பார்த்தேன். மாமனாரிடம் சொல்லத்தான் ஓடியிருக்கும்.

ஊர்வலத்தன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மன் குலுங்காமல் ஊரைச் சுற்றி வந்தது. உப்பும் மிளகும் எங்கள் தலையிலும் விழுந்தன. வெள்ளைச்சாமியின் அப்பாவைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். வண்டி அந்த வாசலில் நின்றபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனையா, வண்டியையா என்று தெரியவில்லை. அம்மனை இறக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனதும், கொக்கிகளைக் கழற்றிப் பலகையை அப்படியே தூக்கிப் போய் மண்டபத்தில் வைத்தார்கள். ஒரு கல் உப்புகூடக் கீழே சிந்தவில்லை. வாசலில் டிரெய்லர் காலியாக, சுத்தமாக நின்றது.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வெள்ளைச்சாமி டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்தார். லூர்து அண்ணன் பழக்க தோஷத்தில் கேட்டார்:

"என்னப்பு, வாரப்ப என்ன லோடு?"

"நீங்கதாண்ணே. ஏறுங்க, திண்டுக்கல்லுல இறக்கி விட்டுட்டு வாரேன்."

"டிரெய்லர்லயா? ஆத்தா வந்த வண்டிப்பா."

"ஆத்தா எடத்தத்தான் தூக்கியாச்சே. இது இனி என் வண்டி. ஏறுங்க."

ஏறினோம். செருப்பைக் காலில் போட லூர்து அண்ணனுக்கு மனம் வரவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டார். உட்காரச் சொல்லி முத்துலட்சுமி போட்டுவைத்த வைக்கோலில் நான்தான் உட்கார்ந்தேன். அவர் பக்கப் பலகையைப் பிடித்தபடி நின்றார். ரோட்டோரத்துத் தென்னந்தோப்புகளையும் எதிரே வந்தவர்களின் முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். தெரியாதவர்களுக்கெல்லாம் செருப்புக் கையைத் தூக்கிக் காட்டினார். திண்டுக்கல் வந்து சேரும்வரை ஒருமுறைகூட அவர் தலை குனிந்து தளத்தைப் பார்க்கவில்லை.